மணிபல்லவத்து மணல்

'மணிமேகலை' பாடிய சாத்தனாரை ரசிப்பவர்கள் பெரும்பாலும் அமுதசுரபியிடம் போய் நின்றுவிடுகிறார்கள். ஆதிரை இட்ட முதல் பிச்சையும் காயசண்டிகையின் யானைத்தீயும் பேசப் பேச இனிப்பவைதாம். ஆனால் முப்பது காதைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் தயங்காமல் எட்டாவதை எடுத்துக்கொள்வேன். மணிபல்லவத்துத் துயருற்ற காதை. ஒரு பெண் கடற்கரையில் கண்விழிக்கிறாள், அழுகிறாள். நடப்பது அவ்வளவுதான்.

மரக்காணத்தில் பிறந்தவனுக்கு அந்த நிலம் சொந்த ஊர். சங்கும் முத்தும் பவளமும் புரளும் கரை, கோணிய காலோடு நிற்கும் புன்னை, வெயிலை உள்ளே விடாத தாழைப் பந்தல், துறையைச் சுற்றி மணல்மேடுகள். அன்னச்சேவலை அரசனாக்கி, பறவைக் கூட்டங்களைப் பாசறை போட்ட படைகளாக நீர்ப்பரப்பில் எதிரெதிரே உட்கார வைக்கிறார் சாத்தனார். தை மாதத்தில் உப்பளத்து வரப்புகளைத் தாண்டிக் கழுவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பூநாரைகள், எதிரே வாத்துக் கூட்டம், நடுவே யாரும் கடக்காத தண்ணீர். 2021 டிசம்பரில்தான் அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். புகாருக்கும் காஞ்சிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் கரையில் உட்கார்ந்து படித்தால், இந்தக் காதைக்கு உரை அதிகம் வேண்டியதில்லை.

அதன் நுட்பம் வரிசையில் இருக்கிறது. விழித்ததும் அவள் அழவில்லை. இது தான் பூப்பறிக்கப் போன உவவனச் சோலையின் ஏதோ ஒரு மூலை என்று நினைக்கிறாள். தோழி சுதமதி ஒளிந்து விளையாடுகிறாள் என்று கோபித்துக்கொள்கிறாள், வெளியே வா என்று கூப்பிடுகிறாள். பதில் இல்லை. மணலேறி இறங்கி அலைகிறாள். பயம் முற்றிய பிறகுதான், வேற்றூரில் வாளுக்கு இரையான தகப்பனின் நினைவு வருகிறது. அப்போதுதான் வாய்விட்டு அவனைக் கூப்பிட்டு அழுகிறாள்.

இதற்கு முன்னும் அவள் அழுதிருக்கிறாள். மூன்றாம் காதையில், பெரியவர்கள் பேசியது காதில் விழ, கட்டிக்கொண்டிருந்த மாலையில் கண்ணீர் சிந்துகிறது. மாலை தூய்மை கெட்டது, புதுப்பூ கொண்டுவா என்கிறாள் தாய் மாதவி. அந்தப் பூவுக்காகப் போனவள்தான் உவவனம் வழியாக மணிபல்லவம் வந்து சேர்கிறாள். வீட்டில் அழ இடம் கிடைக்காத பிள்ளைக்கு அழுவதற்கென்று ஒரு தீவையே கொடுத்தார் சாத்தனார். அழுது முடிந்த பிறகே, பழம்பிறப்பை உணர்த்தும் தரும பீடிகையைக் காட்டினார். முதலில் பீடிகை, பிறகு கண்ணீர் என்று மாற்றிப் போட்டிருந்தால் அது வெறும் அற்புதக் கதையாகியிருக்கும்.

எட்டுக்கு அடுத்த இரண்டு காதைகளில் குடும்ப ரகசியங்கள் அவிழ்கின்றன. பெற்றவள் மாதவி போன பிறப்பில் அக்காள் தாரை, தோழி சுதமதி இன்னொரு அக்காள் வீரை, மனம் தன்னை அறியாமல் இழுபட்ட உதயகுமரன் அன்றைய கணவன் இராகுலன். பழி சுமத்தாமல், யாரையும் தலைகுனிய வைக்காமல் இத்தனையும் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டவும் இல்லை. தந்தையின் பழவினையை வஞ்சியில் கண்ணகியே சொல்ல வேண்டும். புகாரைக் கடல் கொண்ட செய்தி மணிபல்லவத்துக் காவல் தெய்வம் தீவதிலகை வாயால் வர வேண்டும். சொல்ல உரியவரிடமிருந்து, உரிய இடத்தில்.

மியாசாகியின் 2023 ஆம் ஆண்டுப் படமான 'தி பாய் அண்ட் தி ஹெரான்' பார்த்தபோது மணிபல்லவம்தான் நினைவுக்கு வந்தது. தீயில் தாயை இழந்த சிறுவன், நாரையின் பின்னால் வேறோர் உலகம் போய், தாயைச் சிறுமியாகச் சந்திக்கிறான். அபாரமான படம். ஆனால் அங்கே உலகமே இடிந்து விழுந்தாக வேண்டியிருக்கிறது. மணிபல்லவத்திலோ, பீடிகைக்காகச் சண்டையிட்ட நாக மன்னர்களையும் புத்தர் முன்பே சமாதானப்படுத்திவிட்டார். அவள் வரும்போது தீவு அமைதியாக இருக்கிறது.

சிலம்புப் பித்தர்கள் வழக்குரை காதையை எடுத்து வைப்பார்கள். கோபத்துக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். கோபம் மதுரையை எரித்து ஓய்ந்த பிறகு, மிஞ்சிய துக்கத்தை அடுத்த தலைமுறை என்ன செய்தது? அதை எழுதியவர் சாத்தனார் ஒருவர்தான். 'சமயப் பிரசாரம்' என்று ஒதுக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபத்தேழும் இருபத்தொன்பதும் எனக்கும் கடினமானவைதான். எட்டில் அந்தப் பெண் அழும் இடத்தில் எந்தத் தத்துவம் குறுக்கே வருகிறது?

நான் படித்த காலத்தில் தமிழய்யா இந்தக் காதையைத் தணிந்த குரலில் ஓதுவார். தந்தையை அழைக்கும் இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கித் தொடர்வார். இன்று ஒப்புவித்தல் போட்டிகளில் பிள்ளைகள் அழுகையைக்கூட மேடைப்பேச்சுப் போல முழங்குகிறார்கள், நடுவர்களும் கைதட்டுகிறார்கள். வகுப்பறையில் மணிமேகலை என்றால் பாத்திரத்தின் பெயர் கேட்கும் இரண்டு மதிப்பெண் வினா. துக்கப்பட்ட பெண் அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் காணாமல் போய்விட்டாள்.

உ.வே.சா. 1898இல் பதிப்பித்த நூல் இது. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரை இருக்கிறது. பாத்திரம் கிடைக்கும் பதினோராம் காதைக்குத் தாவும் முன் எட்டை ஒருமுறை வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை இருந்தால் அதற்கும் படித்துக் காட்டுங்கள்.