பூச்சி மாத்திரையும் 12 பள்ளிகளும்

போன மாதம் ஒரு நன்கொடை வேண்டுகோள் மின்னஞ்சலில் வந்தது. விஷயம் இதுதான்: ஏழை நாட்டுக் குழந்தைக்குப் பூச்சி மாத்திரை கொடுங்கள், வருஷத்துக்கு அரை டாலர்கூட ஆகாது, அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு கூடுதலாகச் சம்பாதிக்கும். மாதா மாதம் ஒரு சின்னத் தொகையைக் குழந்தைகளுக்கென்று எடுத்து வைக்கிறவன் நான். அரை டாலரில் வறுமை குறையும் என்றால் மொத்தமும் அங்கேதான் போகணும். குறையாது என்றால் வேறு குழந்தையின் பங்கை வீணடிக்கிறேன். அதனால் இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று தேடினேன். போன பாதையெல்லாம் ஒரே இடத்தில் முடிந்தது: மேற்குக் கென்யாவில், உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா மாவட்டம்.

புசியாவில் என்ன நடந்தது?

1998-இல் ஐசிஎஸ் என்ற டச்சுத் தொண்டு நிறுவனம், மாவட்டச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து அங்கே 75 தொடக்கப் பள்ளிகளில் பூச்சி மாத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. மொத்தம் 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணமும் ஆளும் போதாது. அதனால் பிரிவுக்கு 25 பள்ளி என மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு 1998, இரண்டாவதுக்கு 1999, மூன்றாவதுக்கு 2001. காத்திருந்த பள்ளிகளே ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவாகின.

இதை எட்வர்ட் மிகெல், மைக்கேல் க்ரெமர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தார்கள். கட்டுரை 2004-இல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது. (க்ரெமருக்கு 2019-இல் நோபல் பகிர்ந்து கிடைத்தது.) மாத்திரை கிடைத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் இருப்பது சுமார் கால் பங்கு குறைந்தது. மதிப்பெண் மட்டும் ஏறலை. இன்னொரு முடிவும் உண்டு: மாத்திரை கிடைக்காத பக்கத்துப் பள்ளிகளிலும் வருகை கூடியது. பூச்சி முட்டை மலத்தோடு மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து அடுத்த பிள்ளைக்கு வருகிறது. ஒருவனுக்குக் குணமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் லாபம்.

இதே நிறுவனம் அதே பகுதியில் இலவசப் பாடநூலும் கொடுத்துப் பார்த்தது. சராசரி மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் உதவியது. புத்தகம் ஆங்கிலத்தில். பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. பாடநூல் கொடுப்பது நல்லதுதானே என்று நாம் எல்லாருமே நினைப்போம். அளந்ததால்தான் தெரிந்தது.

பிழை எங்கே இருந்தது?

மிகெலும் க்ரெமரும் தங்கள் தரவையும் நிரலையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசினைச் சேர்ந்த ஒரு குழு அதை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டது. பல சிறு பிழைகள், ஒரு பெரிய பிழை. 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாப் பள்ளிகளையும் எண்ண வேண்டிய நிரல், அருகிலுள்ள 12 பள்ளிகளோடு நின்றுவிட்டது. திருத்தியதும் 3 முதல் 6 கிலோமீட்டர் வரை பலன் பரவியது என்ற கூற்று நிற்கவில்லை. மாத்திரை கொடுத்த பள்ளியில் வருகை கூடியது என்ற முடிவு அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நின்றது. பள்ளி வருகையைக் கணக்கிட்ட முறையே சரியா என்று அதே குழு எழுப்பிய கேள்விக்கு மட்டும் இன்றுவரை இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை.

இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரலை. நானும் ஒருமுறை வேலை பார்த்த இடத்தில் ஒரு ரிப்போர்ட் நிரலில் 500 வரிசை என்று வரம்பு வைத்துவிட்டு மறந்தேன். பத்து மாதம் யாருக்கும் தெரியலை, ஏன்னா எர்ரர் எதுவும் வரலை. நம்பும்படியான ஒரு எண் வந்துகொண்டே இருந்தது. இந்த வகைப் பிழையை எழுதியவனே கண்டுபிடிப்பது அபூர்வம். இன்னொருவர் நிரலைத் திறந்து பார்க்கணும். புசியா ஆய்வில் பிழை தெரிந்ததற்குக் காரணம் அது மோசமான ஆய்வு என்பதல்ல, திறந்த ஆய்வு என்பது. எத்தனை உதவி நிறுவனங்களின் ஆண்டறிக்கையை இப்படித் திறந்து பார்க்க முடியும்?

என் குறை எதில்?

ஆய்வை விட, அதை விற்கும் விதத்தில்தான். நன்கொடை வேண்டுகோள் மூன்று விஷயங்களை விட்டுவிடுகிறது.

முதலாவது, இடம். ஆய்வு தொடங்கிய காலத்தில் எல் நினோ மழை கொட்டியிருந்தது. பரிசோதித்த மாணவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு குடற்புழுத் தொற்று இருந்தது. தொற்று குறைவாக உள்ள இடத்தில் அதே மாத்திரை அதே பலனைத் தராது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் சிறு குழந்தைகளிடம் நடந்த டெவ்டா ஆய்வில் (2013) உயிரிழப்பிலோ எடையிலோ பெரிய வித்தியாசம் தெரியலை. அங்கே தொற்று லேசானது. புசியாவின் எண்ணை எடுத்து உலகம் முழுக்கப் பெருக்குவது கணக்கு ஆகாது.

இரண்டாவது, வருமானம். அதே மாணவர்களை 20 வருஷம் கழித்துத் தேடிப்பிடித்து அளந்த முடிவு 2021-இல் வெளிவந்தது. கூடுதலாக இரண்டு மூன்று வருஷம் மாத்திரை கிடைத்தவர்களின் மணிநேர ஊதியம் 13 சதவீதம் அதிகம். நல்ல செய்திதான். ஆனால் மதிப்பெண் ஏறாமல் ஊதியம் மட்டும் எப்படி ஏறியது என்ற சங்கிலியின் நடுக் கண்ணிகள் சரியாகத் தெரியவில்லை. இந்த ஒரே ஒரு தொடர் ஆய்வின் மேல்தான் அந்த மின்னஞ்சல் வரி நிற்கிறது.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். 2001-இல் சில பள்ளிகளில் மாத்திரைக்குச் சிறு கட்டணம் வைத்தார்கள், சராசரி 30 சென்ட். திட்டம் ‘தன் காலில் நிற்கணும்’ என்ற எண்ணம், உதவி உலகத்தின் செல்ல எண்ணம். மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் 75 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக விழுந்தார்கள். உடம்பு அதிகம் கெட்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர்தான் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும் சொல்ல முடியலை. வறுமையைக் குறைக்க வந்த திட்டம், 30 சென்ட் கேட்டதும் ஏழைப் பிள்ளையிடமிருந்து நழுவிவிட்டது. இந்த எண் எந்த நன்கொடை வேண்டுகோளிலும் என் கண்ணில் படலை.

அப்போ என்ன செய்தேன்?

மாத்திரை மிக மலிவு, ஆபத்து குறைவு. பலன் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் மோசமில்லை. அதனால் என் தொகையில் பாதியை இதற்கே வைத்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். நீங்கள் வேலை செய்யும் ஊரில் தொற்று எத்தனை சதவீதம்? பிள்ளைகளிடம் காசு வாங்குகிறீர்களா? உங்கள் தரவை வெளியாள் திறந்து பார்க்க முடியுமா?

மூன்று வாரம் ஆச்சு. நன்றி தெரிவித்து ஒரு தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது. உண்மையான பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.