நிறுத்திக் காட்டிய இயக்குநர்: ஒசாமு தெசாகி

1943 நவம்பர் 18 அன்று டோக்கியோவில் பிறந்த ஒசாமு தெசாகி, பள்ளி நாட்களிலேயே மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதை வரைந்து வெளியிட்டவர். 1963இல் முஷி புரொடக்ஷன் என்ற அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் பட) நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் நிறுவனர் ஒசாமு தெசுகா. பெயர்கள் குழப்பினாலும் இருவருக்கும் உறவு ஏதுமில்லை. அங்கே வாரம் ஒரு அரைமணி நேர அத்தியாயம் முடித்தாக வேண்டும், கையிருப்போ சொற்பம். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி, 8 ஓவியங்களிலேயே சமாளித்தார்கள். மற்றவர்கள் மறைக்கப் பார்த்த இந்தப் பற்றாக்குறையைத் தெசாகி தன் நடையாக்கிக்கொண்டார்.

1970இல் தொடங்கிய குத்துச்சண்டைத் தொடர் 'அஷிதா நோ ஜோ' அவருக்கு முதல் பெரிய பொறுப்பு, வயது 26. 79 அத்தியாயங்கள் கொண்ட அத்தொடரில் அவருடைய உத்திகள் முளைவிட்டன. 1972இல் நண்பர்களுடன் மேட்ஹவுஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே 'ஏஸ் ஓ நெராஏ!' என்ற டென்னிஸ் தொடரை இயக்கினார். உருவ வடிவமைப்பாளர் அகியோ சுகினோவுடனான நீண்ட கூட்டணி அவர் படங்களின் முகத்தையே தீர்மானித்தது.

அந்த உத்திகளில் தலையாயது, உச்சக் கணத்தில் அசைவை அறவே நிறுத்துவது. வழக்கமான அனிமேயில் பாத்திரம் தட்டையான வண்ணத்திலும், பின்னணி தூரிகை ஓவியமாகவும் இருக்கும். தெசாகி நிறுத்தும் கணத்தில் பாத்திரமும் கரடுமுரடான கோடும் நிழலுமாகப் பின்னணியின் சாயலுக்கு மாறிவிடும். வெளிநாட்டு ரசிகர்கள் இதை 'அஞ்சலட்டை நினைவு' என்கிறார்கள். நடந்துகொண்டிருப்பது அந்த நொடியிலேயே கடந்தகாலமாக உறைகிறது.

இன்னொன்று, ஒரே அசைவை மும்முறை அடுத்தடுத்துக் காட்டுவது. மெதுவான அசைவுக்குப் புதிய ஓவியங்கள் நிறைய வேண்டும். திரும்பக் காட்டுவதற்கு வேண்டாம். செலவும் மிச்சம், அடியின் வலியும் மூன்று மடங்கு. இவற்றோடு, பிளந்த திரையும், ஓவியத்தின் கீழிருந்து கேமராவை நோக்கி ஒளியைப் பாய்ச்சி நீரையும் வெயிலையும் மினுக்க வைப்பதும் சேர்ந்தன. 1978இன் 'தகராஜிமா' என்ற புதையல் தீவுத் தொடரில், கலை இயக்குநர் ஷிச்சிரோ கொபயாஷியின் முரட்டுத் தூரிகையால் இவையெல்லாம் ஒன்றாகக் கூடிவந்தன.

1979இல் தொடங்கிய 'வெர்சாய் நோ பாரா' தொடரைப் பாதி வழியில், 19ஆம் அத்தியாயத்திலிருந்து ஏற்றார். அதுவரை அரண்மனைச் சாகசமாக ஓடியது பிரெஞ்சுப் புரட்சியின் துயரக்கதையாகக் கனத்தது. 1980இல் இரண்டாம் தொடர் ஒன்றில் குத்துச்சண்டை வீரன் ஜோவிடம் மீண்டும் திரும்பி, முதல் தொடர் எட்டாத முடிவைச் சொன்னார். அவர் படைப்புகளில் மிக முதிர்ந்தது இதுவே எனலாம்.

1983இன் 'கோல்கோ 13' திரைப்படத்தில் கணினி வரைகலையைச் சேர்த்துப் பார்த்தார். அப்படிச் செய்த ஹெலிகாப்டர்க் காட்சி இன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. பிற்காலப் படங்கள் சிலவற்றில் மும்முறை உத்தி காரணமின்றியே வந்து போகிறது. மாறாக, மாணவிகளின் மனப்புழுக்கத்தைச் சொல்லும் 1991இன் 'ஓனீசாமா ஏ...' தொடரில் ஒவ்வொரு உறைவுக்கும் வேலை இருக்கிறது.

11ஆம் நூற்றாண்டின் ஜப்பானிய இலக்கியமான 'கெஞ்சி கதை'யை 2009இல் 11 அத்தியாயங்களாக எடுத்தார். 2011 ஏப்ரல் 17 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய உறைந்த சித்திரம் அதற்கு முன்பே அனிமேயின் பொதுச்சொத்தாகியிருந்தது. நகைச்சுவைத் தொடர்களில் சோற்றுருண்டை கீழே விழுவதற்குக்கூட அதைக் கேலியாகப் பயன்படுத்துகிறார்கள்.