வெடிமருந்துக் கிடங்கின் கூரை

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம், இந்தியாவில் இன்றும் நிற்கும் ஆங்கிலிக்கன் தேவாலயங்களில் மிகப் பழையது. ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் முன்நிற்க, கோட்டைவாசிகளின் நன்கொடையில் எழுந்தது. மங்கள வார்த்தைத் திருநாளான 1678 மார்ச் 25 அன்று பணி தொடங்கியதால் மேரியின் பெயர் அமைந்தது. 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணம் நடந்தது.

இதன் அழகு முழுவதும் கூரையில் இருக்கிறது. நடுக்கூடம், இருபுறமும் பக்கக்கூடங்கள். மூன்றின் மேலும் அரைவட்டமாக வளைந்த, ஏறக்குறைய 2 அடி கனமுள்ள செங்கல் கூரை. அதைத் தாங்கும் வெளிச்சுவர்களின் கனம் 4 அடி. கதவு, சன்னல் தவிர மரத்துக்கு இங்கே வேலையில்லை. மேலே குண்டு விழுந்தாலும் தீப்பற்றக் கூடாது என்பதே கணக்கு. வெடிமருந்துக் கிடங்குக்கு உரிய வடிவம் அப்படியே வழிபாட்டுக் கூடமாகியிருக்கிறது. அலங்காரம் மிகக் குறைவு. வளைவுகளின் ஒரே சீரான ஓட்டமே போதுமான கம்பீரத்தைத் தந்துவிடுகிறது.

திருவண்ணாமலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அண்ணாமலையார் கோயிலுக்காக எழுந்த மதில்களை 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் படைகள் கோட்டையாக்கிக்கொண்டன. 1767இல் ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் அவ்வூருக்கு அருகே மோதின. புனித மேரியோ பிறப்பிலேயே பாதிக் கோட்டை. 1758-59இல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது அந்த முன்யோசனையின் பயன் தெரிந்தது. அப்போது பழைய இடுகாட்டின் கல்லறைகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு மறைவிடமாயின. அதனால் பிறகு அங்கிருந்த கல்வெட்டுப் பலகைகள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுத் தேவாலய முற்றத்தில் பாவப்பட்டன. அவற்றுள் 1652ஆம் ஆண்டின் எலிசபெத் பேக்கர் கல்லும் உண்டு. எழுத்துகளின் வெட்டும் குடும்பச் சின்னங்களின் செதுக்கலும் நின்று பார்க்கத் தக்கவை.

கோபுரம் 1701இல் சேர்ந்தது. அதன் கூர்முனை இன்னும் பிந்தியது. திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளியதாகத்தான் படும். தேவாலயத்தின் உடலோடு அது முழுமையாகப் பொருந்தவும் இல்லை.

1753இல் ராபர்ட் கிளைவின் திருமணம் இங்கு நடந்ததை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். சிற்ப ரசிகர் தேட வேண்டியது வேறு: மிஷனரி சுவார்ட்சுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜான் பேக்கன் இளையவரைக் கொண்டு செய்வித்த பளிங்கு நினைவுச்சின்னம். சுவார்ட்ஸ் ஜெர்மானியர், லுத்தரன் சபையினர். ஆயினும் ஆங்கிலிக்கன் சுவரில் இடம் பெற்றார். அவருக்கே தஞ்சை மன்னர் சரபோஜி, ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சிற்பம் தஞ்சாவூரில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவரே இரு சிற்பிகளின் கைகளையும் ஒப்பிட முடியும்.