எண்ணிக்கையின் அச்சம்: சர்வைவல் ஹாரர் கேம்களும் சென்னை வீடுகளும்

பேய்ப் படம் பார்க்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் படம் ஓடும். கதாநாயகி எப்படியும் அந்தக் கதவைத் திறந்துவிடுவாள். கேமில் அது நடக்காது. நாம் திறந்தால்தான் கதவு திறக்கும். தயங்கி நின்றால் கதையும் நம்மோடு நின்றுவிடும். 'சர்வைவல் ஹாரர்' என்ற வகை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல் எழுந்தது. இந்த வகையின் முக்கியமான படைப்புகளை மண்டைவெளியில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். அதன் உயிர் பேயில் இல்லை, கையிருப்பில் இருக்கிறது என்பதே என் முடிவு. இருப்பது போதாது என்று தெரிந்தே ஒரு வீட்டுக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. அச்சம் அங்கிருந்துதான் பிறக்கிறது. போதாமை, வீடு இரண்டுமே சென்னைவாசிகள் நன்கு அறிந்தவை. ஆகவே இந்த வகையில் தமிழில் ஒரு நல்ல கேம் வர முடியும், வர வேண்டும்.

மாளிகையின் கணக்கு

1989இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்வீட் ஹோம்' என்ற கேமை வெளியிட்டது. அதே பெயரில் கியோஷி குரோசாவா இயக்கிய படத்தையொட்டி வந்தது அது. ஒரு மாளிகை, உள்ளே ஐந்து பேர். யாராவது இறந்தால் இறந்ததுதான், மீண்டும் வரமாட்டார். ஒவ்வொருவரும் சுமக்கக்கூடிய பொருளுக்கும் அளவு உண்டு. 1992இல் பிரான்சிலிருந்து வந்த 'அலோன் இன் தி டார்க்', முப்பரிமாண உருவத்தை ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் நடக்கவிட்டு, கேமராவை மூலைகளில் அசையாமல் நிறுத்தியது. இரண்டின் பாடங்களும் 1996 மார்ச்சில் ஷின்ஜி மிகாமி இயக்கிய 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் வந்து கூடின. 'சர்வைவல் ஹாரர்' என்ற சொற்கள் அதன் தொடக்கத் திரையில் தோன்றின. ஒரு வகைக்கே பெயர் கிடைத்தது அப்படித்தான்.

'ரெசிடென்ட் ஈவில்' கேமின் ஜோம்பிகள் மெதுவாக நடப்பவை. ஆனாலும் பயம் விடுவதில்லை, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை இருக்கிறது. கிறிஸ் என்ற பாத்திரம் ஆறு பொருள்களை மட்டுமே எடுத்துச் செல்ல முடியும், ஜில் எட்டு. ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறியில் மை நாடா வேண்டும். நாடாக்களும் அளவோடுதான் கிடைக்கும். குண்டுகளைச் செலவிட்டு ஒரு ஜோம்பியை வீழ்த்துவதா, ஒதுங்கி ஓடுவதா என்று ஒவ்வொரு தாழ்வாரத்திலும் முடிவெடுக்க வேண்டும். மாதக் கடைசியில் மளிகையை இழுத்துப் பிடிக்கும் குடும்பத் தலைவியின் கணக்கு இது. அந்தக் கணக்குக்குள் ஒரு பிணம் எழுந்து வருவதுதான் மிகாமி செய்த புதுமை.

அசையாத கேமராவும் இந்தக் கணக்கோடு சேர்ந்தே இயங்குகிறது. திருப்பத்துக்கு அப்பால் கால் இழுபடும் ஓசை கேட்கும், ஆளைக் காண முடியாது. எத்தனை குண்டு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தெரியாது. விளையாடும்போது என் உள்ளங்கை வியர்த்தது பெரும்பாலும் சண்டைகளில் அல்ல, சண்டைக்கு முந்தைய இந்தக் கணங்களில்தான்.

பனியும் ஓசையும்

1999இல் கொனாமி வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' வீட்டை விட்டு ஊருக்குள் வந்தது. அன்றைய பிளேஸ்டேஷனால் நீண்ட தெருக்களை முழுவதும் வரைந்து காட்ட முடியவில்லை. அந்தக் குறையை மறைக்கப் பனியும் இருளும் உதவின. தொழில்நுட்பப் போதாமை அந்தக் கேமின் அழகாகவே மாறியது. நாயகனின் பையில் ஒரு சிறு வானொலி இருக்கும். அரக்கன் நெருங்கினால் அது கரகரக்கும். பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறோம். இசையமைப்பாளர் அகிரா யமவோகா இரும்பின் உராய்வையும் இயந்திரங்களின் முனகலையும் இசையாக்கினார். 2001இல் வந்த இரண்டாம் பாகம், இறந்த மனைவியிடமிருந்து வந்த ஒரு கடிதத்தோடு தொடங்கி, குற்ற உணர்வையே ஊராகக் கட்டிக் காட்டியது. இந்த வகையில் நான் விளையாடியவற்றில் மிகத் துயரமானது அதுதான்.

2010இல் சுவீடனிலிருந்து வந்த 'அம்னீசியா' ஆயுதத்தையே பறித்துக்கொண்டது. கையில் இருப்பது விளக்கும் சிறிது எண்ணெயும்தான். இருளில் நின்றால் மனம் குலையும். விளக்கை ஏற்றினால் எண்ணெய் தீரும். 2014இல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' கொல்ல முடியாத ஓர் உயிரை விண்வெளி நிலையம் ஒன்றில் உலவவிட்டது. சேமிக்கும் இடத்தில் அட்டையைச் செருகிவிட்டுச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அந்த நொடிகளிலும் அது வரலாம். நம் அறையில் எழும் ஓசையையே அந்த உயிர் கேட்கும்படி செய்யும் வசதியும் அதில் உண்டு. மண்டைவெளி அடுக்ககத்தில் அதை இயக்கியபோது கீழே கிரில் கேட் இழுபடுவதும், தண்ணீர் மோட்டார் உறுமுவதும், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும் எனக்கு எதிரிகளாயின. சுவரைப் பகிர்ந்து வாழ்கிறவர்களுக்கு மௌனம் எவ்வளவு அரிது என்பதை ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கேம் எனக்கு உணர்த்தியது.

தைபேயின் ஒரு வீடு

ஆசியாவின் பிற நாடுகள் செய்தவை நமக்கு இன்னும் நெருக்கமானவை. ஜப்பானின் 'ஃபேட்டல் ஃபிரேம்', 2001இலேயே துப்பாக்கிக்குப் பதில் பழைய கேமராவைக் கையில் கொடுத்தது. ஆவியைப் படம் பிடித்துத்தான் விரட்ட வேண்டும். இந்தோனேசியாவின் 'டிரெட்அவுட்' 2014இல் அந்த நாட்டு ஆவிகளை ஒரு பள்ளி மாணவியின் கைப்பேசிக் கேமராவுக்கு முன் நிறுத்தியது. தாய்லாந்தின் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' அந்நாட்டுப் பில்லி சூனிய நம்பிக்கைகளிலிருந்து எழுந்தது. இவர்களில் யாரும் மேற்கத்திய கோட்டைகளைக் கடன் வாங்கவில்லை.

எல்லோரையும் தாண்டி நிற்பது தைவானின் ரெட் கேண்டில் நிறுவனம். அதன் 'டிடென்ஷன்' 2017இல் வந்தது. ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த 1960களில், தடைசெய்யப்பட்ட நூல்களை ரகசியமாக வாசித்த ஒரு பள்ளியின் கதை அது. அங்கே பேய்களைவிடக் காட்டிக்கொடுப்பவரே அஞ்சத்தக்கவர். 2019இல் வந்த 'டிவோஷன்' 1980களின் தைபேயில் ஓர் அடுக்ககத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் நடக்கிறது. திரைக்கதை எழுதும் தந்தை, முன்னாள் பாடகியான தாய், பாட ஆசைப்படும் மகள். மகளுக்கு வரும் நோய்க்கு மருத்துவரைவிட ஒரு குருவின் பரிகாரங்களை நம்புகிறார் தந்தை. அதே கூடத்தையும் அதே சமையலறையையும் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கடக்கிறோம். பொருள்கள் மாறுகின்றன, காலண்டர் மாறுகிறது, அன்பு கொடுமையாகத் திரிகிறது. சீன அதிபரைக் கேலி செய்யும் ஒரு சித்திரம் உள்ளே இருந்ததால் எழுந்த எதிர்ப்பில், வெளியான சில நாள்களிலேயே அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2021இல் நிறுவனத்தின் சொந்த விற்பனைத் தளத்தில் மீண்டும் கிடைத்தது. பரிகாரம் தேடி ஊர் ஊராக அலையும் குடும்பங்களை அறிந்த எந்தத் தமிழரும் இந்தக் கேமை வேற்று நாட்டுக் கதையாக உணர மாட்டார்.

நம்மிடம் உள்ளவை

தமிழுக்குப் பேய்க்கதைப் பஞ்சம் இல்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943இல் வந்தது. வீட்டுக்குள் வேலைக்கு வரும் ஒரு பெண், இரவில் எழும் ஒரு வாசனை, நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்கும் ஓர் எழுத்தாளர்; இவற்றை வைத்தே அவர் அச்சத்தைக் கட்டினார். கடைசிவரை விளக்கம் தரவில்லை. சென்னையிலிருந்து வந்த 'அம்புலிமாமா' தலைமுறை தலைமுறையாகச் சொன்ன விக்கிரமாதித்தன் கதையோ விதிகளால் ஆனது. பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். இரண்டு பக்கமும் இழப்பு வைத்த இந்த விதி, இன்றைய எந்தக் கேம் வடிவமைப்பாளரும் பொறாமைப்படத்தக்கது.

சினிமாவும் சில நல்ல அடிகளை வைத்தது. விக்ரம் கே. குமாரின் 'யாவரும் நலம்' 2009இல் புதிதாகக் குடியேறிய ஓர் அடுக்ககத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் அச்சமாக்கியது. கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' 2012இல் ஒரு டார்ச் வெளிச்சத்தோடு பங்களாவுக்குள் ஒற்றை ஆளை நீண்ட நேரம் நடக்கவிட்டது. ஆழ்வார்பேட்டையில் வணிகர் ஜான் டி மான்டியின் பெயரைத் தாங்கிய குடியிருப்பைப் பற்றிய ஊர்ப்பேச்சிலிருந்து, அஜய் ஞானமுத்து 2015இல் 'டிமான்டி காலனி'யை எடுத்தார். அதன் பெரும்பகுதி நான்கு நண்பர்கள் ஓர் அறைக்குள் சிக்கிக்கொள்வதுதான். அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' 2019 ஜூனில் வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கேம் வடிவமைப்பாளர், மூன்று உயிர்கள், அதே இரவு மீண்டும் மீண்டும். கேமின் இலக்கணத்தை உள்வாங்கி எழுதப்பட்ட தமிழ்ப் படம் அது.

ஆனால் 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசைகளின் வெற்றிக்குப் பிறகு பேய் என்றால் நகைச்சுவை, பாட்டு, பழிவாங்கும் பின்கதை என்ற வாய்பாடு இறுகிவிட்டது. குடும்பத்தோடு சிரிக்கப் படம் வேண்டும்தான். எனினும் பின்கதை சொல்லி முடித்ததும் அச்சம் முழுவதும் கரைந்துவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பும் பார்வையாளரிடம் எதுவும் தங்குவதில்லை. புதுமைப்பித்தன் விட்டுச் சென்ற வழி அங்கே அடைபட்டுக் கிடக்கிறது.

குடமும் மெழுகுவர்த்தியும்

'கேம் ஓவர்' வெளியான அதே ஜூனில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டு கிடந்தன. லாரி எப்போது வரும் என்று இரவெல்லாம் விழித்திருந்து, குளிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு என்று குடத்தை எண்ணினோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. 2012இல் நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. 2015 டிசம்பர் 1 இரவில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மக்கள் மாடிக்கு மாடி ஏறினார்கள். கைப்பேசியில் மிஞ்சிய சார்ஜும் மெழுகுவர்த்தியும்தான் அவர்களின் கையிருப்பு. உயிர் போன வீடுகள் உண்டு. அந்த இரவை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது. ஆனால் தைவான் தன் ராணுவச் சட்டக் காலத்தை மதிப்போடு கேமாக்கியதைப் போல நாமும் நம் இரவுகளைச் சொல்லலாம்.

இடமும் இருக்கிறது. மயிலாப்பூரின் பழைய வீடு குறுகி நீண்டது: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கிணறு, கொல்லை. வாசலில் நின்றால் பின்கட்டு வரை ஒரே பார்வையில் தெரியும். அங்கே யாரோ குறுக்கே நடந்து போனால் நாம் அங்கு சேர்வதற்குள் மறைந்துவிடுவார்கள். 2014இல் வந்த 'பி.டி.' வளைந்த ஒரே ஒரு தாழ்வாரத்தைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்தே உலகை நடுங்க வைத்தது. ரேழி அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. தி.நகரில் தனி வீடுகள் இருந்த இடத்தில் எழுந்த அடுக்ககங்களுக்கு லிஃப்டும் சம்ப்பும் மொட்டைமாடித் தொட்டியும் உண்டு. வேண்டியது ஒரு வீடும், எண்ணத்தக்க சில பொருள்களும், விளக்கம் தராமல் நிறுத்தத் தெரிந்த ஓர் எழுத்தாளரும்.

சிறு குழுவால் முடியுமா என்ற கேள்விக்கு 'வெண்பா' விடை சொல்லிவிட்டது. டொரொன்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை 2023இல் கேமாக்கி, 2024இல் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. இட்லியையும் புட்டையும் உலகம் முழுவதும் விளையாட வைக்க முடிந்த மொழிக்கு அச்சத்தைச் சொல்ல முடியாதா?

நான் விளையாடிய சர்வைவல் ஹாரர் கேம்கள் ஒன்றிலும் தமிழ் எழுத்தோ தமிழ்க் குரலோ இல்லை. இதைச் சென்னையின் இளம் வடிவமைப்பாளர்கள் மாற்ற வேண்டும். பெரிதாகத் திட்டமிட்டுப் பாதியில் நிற்க வேண்டாம். ஒரு வீட்டை, ஓர் இரவை, மூன்று மணி நேர ஆட்டத்தை முழுமையாகச் செய்யுங்கள். பாத்திரங்கள் மயிலாப்பூர்த் தமிழிலும் அடையாறு மீனவர் குப்பத்துத் தமிழிலும் பேசட்டும். எழுத்தாளர்கள் வடிவமைப்பாளர்களோடு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். இலக்கிய இதழ்கள் நூலுக்கும் படத்துக்கும் தரும் அதே தீவிரத்தோடு கேம்களுக்கும் விமர்சனப் பக்கங்களை ஒதுக்க வேண்டும்.