சோதனையும் வேதவசனமும்

சோதனையை வெல்லும் படைக்கலம் வேதவசனமே என்பது கிறிஸ்தவ மரபில் வேரூன்றிய கருத்தாகும். இயேசு வனாந்தரத்தில் 40 நாள் உபவாசமிருந்து சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி இதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறும். மத்தேயுவும் லூக்காவும் விரித்துரைக்கும் மூன்று சோதனைகளுக்கும் அவர் உபாகமத்திலிருந்தே விடை பகர்கிறார்.

எனினும், இக்கருத்தை அவ்வாறே ஏற்பதற்குச் சுவிசேஷமே தடையாயுள்ளது. ஆலய உச்சியிலிருந்து குதிக்கத் தூண்டும் சோதனைக்காரனும் 91ஆம் சங்கீதத்தையே மேற்கோள் காட்டுகிறான். இருவர் வாயிலும் வேதமே ஒலிக்கிறது. வேறுபாடு அதன் பயன்பாட்டிலேயே உள்ளது. அவன் வசனத்தைத் தனியொருவருக்குரிய சலுகையாக்குகிறான். இயேசு எடுத்தாளும் வாசகங்களோ, அடிமைத்தளை நீங்கி 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைந்த மக்கட் கூட்டத்தின் பொது அனுபவத்தை நினைவூட்டுபவை. கல்லை அப்பமாக்க மறுத்தமை பசியை அலட்சியஞ் செய்தமையன்று. தம் பசிக்காக அற்புதஞ் செய்யாதவரே பின்னர் ஐயாயிரவருக்கு அப்பம் பகிர்ந்தளிக்கிறார்.

சோதனை தனிமனித ஆன்மாவுடன் முடிந்துவிடுவதுமன்று. தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ (1880) நாவலில், இயேசு மறுத்த உலகாதிகாரத்தைத் திருச்சபை ஏற்றுக்கொண்டதாக முதிய மதவிசாரணைத் தலைவன் அவரிடமே கூறுகிறான். நிறுவனங்களும் சோதனைக்குட்படுவன என்பதை இது தெளிவாக்குகிறது.

ஆகவே, வசனத்தை மனனஞ் செய்தல் மட்டும் காப்பாகாது. அதை எடுத்துரைப்பவர் யார், எவருடைய நலன் கருதி எடுத்துரைக்கிறார் என வினவுதலும் விசுவாசத்தின் பணியே என நாம் கருதுகிறோம். அவ்வினாவைத் தவிர்க்கும் விசுவாசம், சோதனைக்காரனின் மேற்கோளையும் வேதவாக்கென்றே ஏற்றுக்கொள்ளும்.