எழுத்துணரிப் பயிற்சியில் எல்எம்டிபி: தமிழ்ச் சாவிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1981இல் பொது நூலகம் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணத்தில், எஞ்சிய ஏடுகளைப் படிமமாக்கிக் காப்பதோடு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் இருப்பவை போன்ற பக்கப் படிமங்களைக் கணினி தானே வாசிக்கச் செய்யும் எழுத்துணரியும் இன்றியமையாதது. அதற்குரிய இயந்திரக் கற்றலுக்கு ஒவ்வோர் எழுத்தையும் தனிப் படிமமாக வெட்டியெடுத்தால், பக்கத்துக்கு ஆயிரம் எழுத்தென்று கொண்டாலும் நூறு பக்க நூல் ஒன்றே இலட்சம் சிறு கோப்புகளாகிவிடுவதால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவதிலேயே பயிற்சி நேரம் கரைகிறது.

இந்தச் சுமையைக் குறைப்பது, ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்ற முறையில் பதிவுகளை ஒரே கோப்பில் அடுக்கும் சாவி-மதிப்புத் தரவுத்தளம். ஓப்பன்எல்டாப் மென்பொருளுக்காக ஹவார்ட் சூ உருவாக்கி 2011இல் வெளிவந்த எல்எம்டிபி அவ்வகையினது. கஃபே என்னும் ஆழ்கற்றல் கருவியும் பயிற்சிப் படிமங்களை வாசிக்க இதைப் பயன்படுத்தியது. தரவுக் கோப்பை நினைவகத்தின் ஒரு பகுதிபோலவே செய்நிரலுக்குக் காட்டும் இதன் நினைவகப் பொருத்தத்தால், ஒருமுறை வாசித்த பக்கங்களைப் பணிசெயல் முறைமையே நினைவகத்தில் வைத்திருக்கிறது. எழுதுபவர் ஒருவர் மட்டுமே என்றாலும், வாசிப்பவர்கள் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

பைதன் நிரல்மொழியில் தரவுத்தளச் சூழலை வாசிப்புக்கு மட்டும் திறந்து, அதில் தொடங்கும் பரிவர்த்தனைக்குள் சாவியைக் கொடுத்தால் மதிப்பு பைற்றுகளாகக் கிடைக்கிறது. சாவி இல்லையெனில் வெறுமை திரும்புகிறது. நகலெடுக்காமலே வாசிக்கும் வசதி மிகப் பயனுள்ளது என்றாலும், அவ்வாறு பெற்ற நினைவகப் பகுதி பரிவர்த்தனை முடிந்ததும் செல்லாததாகிவிடுவதால், படிமத்தை அதற்குள்ளேயே விரித்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் பதிவுகள் குலுக்கி வாசிக்கப்படுவதால், தரவு நினைவகத்தைவிடப் பெரிதாயின் முன்வாசிப்பை நிறுத்துவது நல்லது; துணைச் செயன்முறைகள் பலவாயின் ஒவ்வொன்றும் சூழலைத் தானே திறக்க வேண்டும். கோப்பின் உச்ச அளவு இயல்பாக ஏறத்தாழ 10 மெகாபைற்று மட்டுமே என்பதால், அதை முதலிலேயே உயர்த்தாதவர் எழுதும் வேளையில் இடையில் நிற்க நேரிடும்.

தமிழருக்கு உண்மையான இடர் சாவியில் இருக்கிறது. சாவியின் உச்ச நீளம் இயல்பாக 511 பைற்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று ஆகையால், 170 குறிகளுக்கு மேல் அதில் அடங்காது. அதனினும் முக்கியமானது வரிசை. பதிவுகள் பைற்று வரிசையிலேயே அமைவதால், நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் னகரம் இங்கே நகரத்தை அடுத்துப் பகரத்துக்கு முன் வந்துவிடுகிறது. ‘க்’ என்னும் மெய்யோ ‘கௌ’வுக்கும் பின்னே தள்ளப்படுகிறது. வெறும் எண்களை எழுத்துவடிவில் இட்டாலும் 10 என்பது 2க்கு முன் வரும். ஆகவே முன்னே சுழியங்கள் நிரப்பிய எட்டிலக்க எண்ணைச் சாவியாகக் கொண்டு, தமிழ் எழுத்தை மதிப்பின் தொடக்கத்திலும் படிமத்தை அதன் பின்னும் வைப்பதே தகும். அப்போது பழைய அச்சில் துதிக்கையுடன் நிற்கும் ‘லை’யும் இன்றைய ‘லை’யும் தனித்தனிப் பதிவுகளாக இருந்தும் ஒரே பெயரைச் சுமக்கும்.