பத்துக்குப் பத்து அறையில் மின்னணு இசை: எந்த அறிவுரை தேறும்?

வீட்டிலேயே மின்னணு இசை செய்ய ஆசைப்படும் இளைஞருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கு, சுவரில் ஃபோம் ஒட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாமல் தொடங்காதே, சாம்பிள் பேக் சேர்த்துக்கொள், சத்தத்தை உச்சத்தில் வை. இவற்றில் பலவும் வேறு நாட்டு வீடுகளையும் வேறு நாட்டு அரங்குகளையும் மனத்தில் வைத்துச் சொன்னவை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பாட்டு பிறக்கும் அறை வேறு, அது ஒலிக்கும் இடமும் வேறு. ஆகவே ஒவ்வோர் அறிவுரையையும் இரண்டு கேள்விகளால் எடை போடுவோம். பாட்டு எந்த அறையில் உருவாகிறது? எதன் வழியாகக் கேட்பவர் காதுக்குப் போகிறது?

முதலில் அறை. நம் ஊர் வீடுகளில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ், நான்கு பக்கமும் சிமென்ட் பூச்சு. நீளம் பத்தடி என்றால் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும். அகலமும் பத்தடி என்பதால் அதே அதிர்வு இரட்டிக்கும். உயரமும் அதை ஒட்டியே இருந்தால் மூன்று மடங்காகும். கிக் டிரம்மின் அடித்தளம் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது இந்த 50, 60 ஹெர்ட்ஸ் பகுதியில்தான். அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அந்த ஒலி ஏறக்குறைய காணாமல் போகும். போதவில்லை என்று நினைத்து பாஸைக் கூட்டுவார். அதே பாட்டைக் காரில் போட்டால் குரலே கேட்காதபடி கும்மென்று குழம்பி நிற்கும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு நேர்மாறாக நடக்கும்: பாஸ் மிகையாகக் கேட்கும், குறைத்துவிடுவார், பாட்டு வெளியே சப்பையாக ஒலிக்கும். ஆக, இந்த அறையில் விலையுயர்ந்த மானிட்டர் ஸ்பீக்கர் வாங்குவது பிழையைத் துல்லியமாகக் கேட்கச் செலவழிப்பதாகும். ஸ்பீக்கர் நல்லதுதான், அறை அதற்கு இடம் கொடுக்காது.

ஃபோம் ஒட்டினால் தீருமா? தீராது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கும் மேல். ஓர் அங்குலத் தடிமன் ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும், பாஸைத் தொடாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவிலும் ஓடும் அரியலூர்ச் சாலையோர வீட்டில் வெளிச்சத்தத்தையும் அது தடுக்காது. வெளிச்சத்தத்துக்குக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் மருந்து. குரல் பதிவுக்கு மட்டும் எளிய வழி உண்டு. இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, மைக்கை ஒரு சாண் தொலைவில் வைத்தால் எதிரொலி பெருமளவு அடங்கும். ஃபோமுக்கு வைத்த பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பணம் போகவேண்டிய இடம் ஹெட்ஃபோன். அதற்குள் அறை இல்லை, எனவே அறையின் பொய்யும் இல்லை. ஆனால் பாஸைத் தூக்கிக் காட்டும் வகை கூடாது. சமமாக ஒலிப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் குறை, இடம் வலம் என்ற பிரிவை மிகைப்படுத்திக் காட்டுவது. அந்தக் குறைக்கு மருந்தை, பாட்டு எதில் கேட்கப்படுகிறது என்ற இரண்டாம் கேள்வி தரும்.

இங்கே பாட்டு போய்ச் சேரும் இடங்கள் செல்போன், கார், பஸ், ஊர்த் திருவிழா மைக்செட். செல்போன் ஸ்பீக்கரிலும் மைக்செட் குழாயிலும் ஆழ்ந்த பாஸ் வெளிவராது. பல மைக்செட்டுகளில் இடமும் வலமும் ஒன்றாகக் கலந்தே வரும். ஸ்டீரியோவில் செயற்கையாக விரித்த ஒலி அப்படிக் கலக்கும்போது தன்னைத்தானே வெட்டிக்கொண்டு மெலிந்துவிடும். எனவே மிக்ஸை மோனோவில் ஒரு தடவை கேட்காமல் வெளியிடக் கூடாது. கிக் டிரம்முக்குச் சற்று சாச்சுரேஷன் (மென்மையான ஒலிச்சிதைவு) கொடுத்தால் மேல் ஒத்திசைகள் பிறந்து, பாஸ் வராத செல்போனிலும் அடி கேட்கும். இந்த இரண்டு யோசனைகளுக்கும் செலவில்லை. இரண்டும் முழுமையாகத் தேறுகின்றன.

‘உச்சச் சத்தம்’ என்ற அறிவுரை பாதிதான் தேறும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பின் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்துவதால், உரப்புக்காக நசுக்கிய பாட்டுக்கு அங்கே லாபமில்லை. பென் டிரைவிலிருந்து நேராக ஒலிக்கும் காரில் அந்தச் சமப்படுத்தல் கிடையாது. மெல்லிய பாட்டு அடுத்த பாட்டின் முன் தோற்றுப்போகும். தளத்துக்கு ஒன்று, நேரடிப் பகிர்வுக்குச் சற்று உரத்தது ஒன்று என இரண்டு பிரதி வைத்துக்கொள்வதே நேர்மையான தீர்வு.

மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் உடனே வேண்டுமா? கீபோர்டை நேரில் வாசிப்பவருக்கும், தன் குரலைக் கேட்டபடியே பாடுபவருக்கும் வேண்டும். கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபரைச் சிறிதாக்க அது உதவும்: 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் அதுவே 21 மில்லிசெகண்ட் தாமதம், 128 என்றால் மூன்றுக்கும் கீழே. மவுஸால் ஸ்வரம் வரைபவருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. மென்பொருளிலும் இதே நிதானம் போதும். இசையமைப்பு மென்பொருள் எல்எம்எம்எஸ், சின்தசைசர் மென்பொருள் சர்ஜ் எக்ஸ்டி இரண்டும் இலவசம். ரீப்பர் 60 நாள் சோதனைக்குக் கிடைக்கும். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையைத் திறந்து தொடர முடியாது என்பதைத் தொடங்கும்போதே அறிந்திருக்க வேண்டும். திருட்டுப் பதிப்போ வைரஸைக் கொண்டுவரலாம். அதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

முன்பே பதிந்த ஒலிகளின் தொகுப்பான சாம்பிள் பேக் விஷயத்தில்தான் என் மறுப்பு மிகக் கடுமையானது. உலகமெல்லாம் விற்கும் அதே கைதட்டலையும் அதே ஹை-ஹாட்டையும் அடுக்கினால், பாட்டு எந்த ஊரிலும் பிறந்திருக்கலாம். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிகுச்சியின் கனத்த ஒலியும் சுண்டுக்குச்சியின் கூரிய ஒலியும் ஒரே தோலிலிருந்து வருகின்றன. தீயில் காய்ச்சிய பறை ஆற ஆற அதன் குரல் மாறிக்கொண்டே வரும். அறுவடை முடிந்த மக்காச்சோளக் களத்தில், காற்று எழாத விடியற்காலையில், ஏழெட்டு அடி தள்ளி வைத்துப் பதிந்தால் சுவர் எதிரொலியே இருக்காது. செல்போனில் பதிந்தாலும் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்காத செயலியில் பதிய வேண்டும். பதிந்ததை அடுக்கும்போது, மென்பொருள் இயல்பாகக் காட்டும் 16 கட்டத்தை மூன்று மூன்றாகப் பிரியும் அடிக்கு ஏற்ப 12 ஆக்க வேண்டும். ஒவ்வோர் அடியையும் கட்டத்தில் ஒட்டிவிட்டால் அடிப்பவரின் கை செத்துவிடும். அடித்தவருக்கு ஊதியமும் பாட்டில் பெயரும் தரவேண்டும். அதில் பேரத்துக்கு இடமில்லை.

வீட்டு இசைக்கு ஆதாரமாக ஏ. ஆர். ரஹ்மானைக் காட்டுவார்கள். 1989-இல் கோடம்பாக்கத்து வீட்டோடு பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார், 1992-இல் ‘ரோஜா’ வந்தது. உண்மை. ஆனால் அதற்கு முன் சிறுவயதிலிருந்தே திரையிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்த உழைப்பை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எண்ணினால் ஆதாரம் பொய்த்துப்போகும். குறைந்த கருவிகளே போதும் என்பதற்குப் பொருத்தமான சான்று மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை மட்டும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். அந்தத் தொகுப்பு அன்று விலைபோகவில்லை, 2010-இல் மறுவெளியீடு ஆனபோது உலகம் திரும்பிப் பார்த்தது. கருவி மூன்று, கையிருப்பு ராகம்; அதனால்தான் அது இன்னும் நிற்கிறது.

என் தீர்ப்பு இது. இசையமைப்பு, ஒலி வடிவமைப்பு, குரல் பதிவு ஆகிய மூன்றும் பத்துக்குப் பத்து அறையில் குறையின்றி நடக்கும். பாஸைப் பற்றிய முடிவு மட்டும் அங்கே எடுக்கப்படக் கூடாது. ஹெட்ஃபோன், கார், செல்போன், மைக்செட் நான்கிலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். செலவு வரிசையில் முதலில் ஹெட்ஃபோன், அடுத்து பறைக் கலைஞரின் ஊதியம், பிறகு தேவைப்பட்டால் இன்டர்ஃபேஸ். ஸ்பீக்கரும் ஃபோமும் இந்த வரிசையில் இடம்பெறும் தகுதியை இன்னும் பெறவில்லை.